மசில் கார் மேல ஏன் இந்த பைத்தியம், அதுல என்ன வில்லங்கம், வாங்கலாமா?

தம்பி கேட்டத முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியணும்ல. அவருக்கு வயசு 26, ஓஹையோல ஐடி வேலை, மூணு வருஷம் சேத்த காசு கையில இருக்கு, 2019 டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் ஒண்ண செகண்ட் ஹேண்ட்ல பாத்து வச்சிருக்கார். ரூம்மேட்ஸ் எல்லாம் "வெறும் சத்தம்டா அது, நேரா மட்டும்தான் போகும், இந்த காசுக்கு டெஸ்லா வாங்கினா இதைவிட வேகம்"னு ஓட்டுறாங்க. அப்படி அமெரிக்க மசில் கார்ல என்னதான் இருக்கு, நெஜமாவே அவ்ளோ மோசமா, வாங்கலாமா வேண்டாமா, இதான் கேள்வி.

நான் டெட்ராய்ட் பக்கத்துல இருபது வருஷமா இருக்கேன், கார் பார்ட்ஸ் லைன்லதான் பொழப்பு, நடுவுல அஞ்சு வருஷம் ஒரு மஸ்டாங் ஜிடி வச்சிருந்து ரெண்டாவது குழந்தை பொறந்தப்ப மனசில்லாம வித்தேன். அதனால நான் எழுதுறதுல கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், அத கழிச்சுக்கிட்டு படிங்க.

உங்க பிரண்ட்ஸ் சொல்றதுல பாதி உண்மை தம்பி. ஆனா அவங்க குறைன்னு சொல்றதும் நீங்க ஆசைப்படுறதும் ஒரே இடத்துல இருந்து வந்ததுதான். சாதாரண நடுத்தர சைஸ் வண்டி ஒண்ண எடு, கம்பெனில இருக்கிற பெரிய எஞ்சின தூக்கி அதுல வை, மத்த எல்லாத்துலயும் கைய இறுக்கிப் பிடி, விலைய வேலைக்கு போற சின்னப் பையன் தவணைல வாங்குற அளவுக்கு வை. இவ்ளோதான் மசில் கார். காசு பூரா எஞ்சினுக்கு போயிடுச்சு, பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் சீட்டுக்கும் மிச்சம் இல்ல. இத மனசுல வச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும்.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னா, அதுக்கு முன்னாடியே 1949ல ஓல்ட்ஸ்மொபைல் ராக்கெட் 88, 1955ல கிரைஸ்லர் சி-300 எல்லாம் வந்துச்சுதான், ஆனா இந்த ஃபார்முலாவ பசங்க கைக்கு கொண்டு வந்தது 1964 பான்டியாக் ஜிடிஓ. அந்த கதையே ஒரு தில்லுமுல்லு. 1963ல பான்டியாக்கோட தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் தன் கம்பெனிகள் எதுவும் ரேஸ் பக்கம் போகக்கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க, நடுத்தர சைஸ் வண்டில 330 கியூபிக் இன்ச்சுக்கு மேல எஞ்சின் வைக்கக்கூடாதுன்னும் ரூல் இருந்துச்சு. பான்டியாக்ல அப்ப சீஃப் எஞ்சினியர் ஜான் டிலோரியன், அவர் டீம் பெரிய வண்டில போடுற 389 எஞ்சின, அதாவது 6.4 லிட்டர், நடுத்தர சைஸ் டெம்பஸ்ட் வண்டில வச்சு பாத்தாங்க, டெம்பஸ்ட்ல ஏற்கனவே வர்ற எஞ்சினுக்கும் இதுக்கும் வெளிய அளவு ஒண்ணுங்கிறதால அலுங்காம உக்காந்துடுச்சு. மேலிடம் ஒத்துக்காதே, என்ன பண்றது? ரூல்ல ஒரு ஓட்டை இருந்துச்சு. புது மாடல்னா மேலிட அனுமதி வேணும், ஏற்கனவே இருக்கிற மாடலுக்கு ஆப்ஷன் பேக்கேஜ்னா வேண்டாம். அதனால ஜிடிஓவ தனி காரா காட்டாம, டெம்பஸ்ட் லமான்ஸ்க்கு 300 டாலருக்கும் கம்மியான ஒரு ஆப்ஷனா லிஸ்ட்ல சேத்துட்டாங்க. 5,000 வித்தா பெருசுன்னு கம்பெனில பேச்சு, முதல் வருஷமே 32,450 போச்சு. பேர் கூட ஃபெராரிகிட்ட இருந்து கூசாம எடுத்ததுதான்.

இன்னொரு கூத்து, ஒரு கார் பத்திரிக்கைக்கு டெஸ்ட் பண்ண குடுத்த ஜிடிஓல 389க்கு பதிலா அதைவிட பெரிய 421 எஞ்சின் ஒளிஞ்சிருந்துச்சு, அத பான்டியாக்குக்கு விளம்பரம் பண்ண ஜிம் வாங்கர்ஸே பல வருஷம் கழிச்சு ஒத்துக்கிட்டார். வெளிய இருந்து பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மசில் கார் உலகத்துல நம்பர் சொன்னா அப்படியே நம்பாதீங்கன்னு சொல்றது இதனாலதான், அதுக்கு அப்புறம் வரேன்.

அந்த நேரம் எப்படிப்பட்டதுன்னு பாக்கணும். போருக்கு அப்புறம் பொறந்த பசங்க எல்லாம் லைசன்ஸ் எடுக்குற வயசு, கைல வேலை, பெட்ரோல் ஒரு கேலன் 30 சென்ட் சுமார், ரோடு அகலம், நேரா. டெட்ராய்ட் வுட்வர்ட் அவென்யூல சாயங்காலம் ஆச்சுன்னா சிக்னலுக்கு சிக்னல் ரேஸ். ஒவ்வொரு சிக்னலும் பச்சை விழுந்ததுல இருந்து அடுத்த சிக்னல் வரைக்கும்தான் போட்டி, அங்க வளைவும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ரேஸ் டிராக்குலயும் கணக்கு கால் மைல், 402 மீட்டர். வளைவே இல்லாத போட்டிக்கு செஞ்ச வண்டிய வளைவுல திரும்பலன்னு திட்டுறது, மாட்டு வண்டிய தண்ணில மிதக்கலன்னு திட்டுற மாதிரி.

இந்த ஃபார்முலாவ ரொம்ப நேர்மையா செஞ்ச வண்டின்னா என் கணக்குல 1968 பிளிமத் ரோட் ரன்னர்தான். ஏன்னா 1967 வாக்குல மசில் கார் எல்லாம் பூசி மொழுகி குரோம் ஒட்டி விலை ஏறிப்போச்சு, எந்த பசங்களுக்காக வந்துச்சோ அவங்களாலயே வாங்க முடியல. பிளிமத்காரங்க கணக்கு போட்டாங்க, கால் மைல 100 மைல் வேகத்தோட முடிக்கணும், விலை 3,000 டாலர தாண்டக்கூடாது. ஆரம்ப விலை 2,896 டாலர். உள்ள போய் பாத்தா பஸ் சீட் மாதிரி நீட்டமா ஒரே பெஞ்ச் சீட், தரையில கார்பெட் இல்ல ரப்பர் மேட், ஆனா பானெட்ட திறந்தா 383 வி8, 335 ஹெச்பி. இதுல தமாஷ் என்னன்னா இவ்ளோ சிக்கனம் பாத்தவங்க அந்த கார்ட்டூன் பறவை பேரையும் படத்தையும் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் குடுத்தாங்க, ஹாரன் அமுக்கினா பீப் பீப்னு அந்த பறவை மாதிரியே கத்தும். முதல் வருஷம் 44,000க்கு மேல போச்சு. ஒரு பையனுக்கு என்ன வேணும்னு யாரோ நல்லா புரிஞ்சு செஞ்ச வண்டி அது.

சரி, சத்தத்துக்கு வரேன், ஏன்னா பாதி பேர் விழுறது அதுலதான். "வெறும் சத்தம்"னு உங்க ரூம்மேட் சொல்றாரே, அவர ஒரு தடவ பழைய வி8 ஐட்லிங்ல நிக்கிறப்ப பக்கத்துல நிக்க சொல்லுங்க. எட்டு சிலிண்டர், நாலு நாலா ரெண்டு வரிசை. பிஸ்டன் எல்லாம் சேந்து சுத்துற தண்டு, அதான் கிராங்க் ஷாப்ட், அத முன்னாடி இருந்து பாத்தா பிளஸ் குறி மாதிரி தெரியும், இதுக்குதான் கிராஸ் பிளேன்னு பேரு. இதனால என்ன ஆகும்னா எட்டும் சேந்து பாத்தா சீரா 90 டிகிரிக்கு ஒரு தடவ வெடிக்கும், ஆனா ஒரு பக்க வரிசைய மட்டும் எடுத்தா சீரா வராது, ரெண்டு வெடி ஒட்டி ஒட்டி விழும், அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் ஒண்ணு. ஒவ்வொரு வரிசைக்கும் தனி எக்சாஸ்ட் பைப்ங்கிறதால அந்த ஒழுங்கில்லாத தாளம் அப்படியே வெளிய வருது. ஃபெராரி வி8 எல்லாம் ஃபிளாட் பிளேன், அதுல சீரா வெடிக்கும், அதனால அது வீறிடும், இது உறுமும். இதோட ரேஸுக்கான கேம் ஷாப்ட், அதாவது வால்வ திறந்து மூடுற தண்டு, போட்டிருந்தா இன்டேக் வால்வும் எக்சாஸ்ட் வால்வும் கொஞ்ச நேரம் ஒண்ணா திறந்திருக்கும், ஐட்லிங்ல எஞ்சின் திக்கி திக்கி மூச்சு விடுற மாதிரி இருக்கும், மெக்கானிக்கா பாத்தா அது கோளாறு மாதிரிதான், ஆனா காது அத கேக்காது. நம்ம ஊர்ல பழைய புல்லட் டுக் டுக்குன்னு நிக்கிறத பாத்து உருகுறவனுக்கு இத தனியா விளக்க வேண்டியதில்ல.

வருஷா வருஷம் ஆகஸ்ட் மூணாவது சனிக்கிழமை அதே வுட்வர்ட்ல டிரீம் கிரூஸ்னு நடக்கும், 1995ல இருந்து. ஃபெர்ன்டேல்ல ஆரம்பிச்சு பான்டியாக் ஊர் வரைக்கும் ரோட்டோரம் பூரா சேர் போட்டு உக்காந்திருப்பாங்க ஜனங்க. ஒரு தடவ நான் காபிய கையில வச்சுக்கிட்டு ஒரு 1970 சேலஞ்சர் பக்கத்துல நின்னேன், கலர் பேரு பிளம் கிரேசி, நம்ம பாஷைல சொல்லணும்னா அசல் கத்திரிப்பூ கலர். கிழவர் ஒருத்தர் ஸ்டார்ட் பண்ணார். காபில வட்டம் வட்டமா அலை வந்துச்சு தம்பி, பொய் இல்ல. அவர் லேசா ஆக்சிலரேட்டர தட்டினார், வண்டி நகரல, ஆனா உடம்பு மொத்தமும் ஒரு பக்கமா சாஞ்சு திரும்ப உக்காந்துச்சு, எஞ்சின் சுத்துற முறுக்குல. எரியாத பெட்ரோல் வாடை கண்ண எரிச்சுது. என் பையன், அப்ப ஆறு வயசு, காத பொத்திக்கிட்டே சிரிச்சான். இதுல லாஜிக் எங்க இருக்கு, சொல்லுங்க.

இன்னொன்னு டார்க், அதாவது எஞ்சினோட முறுக்கு விசை. டாட்ஜ் 440 மேக்னம் எஞ்சின எடுத்துக்கோங்க, 7.2 லிட்டர், 375 ஹெச்பி, டார்க் 480 பவுண்ட்-அடி, நம்ம கணக்குல 650 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,200 ஆர்பிஎம்லயே. சின்ன டர்போ எஞ்சின் மாதிரி கத்த வேண்டியதில்ல, காத்திருக்க வேண்டியதில்ல, எந்த கியர்ல இருந்தாலும் கால வச்சா முதுகு சீட்ல ஒட்டும். பெரிய எஞ்சின், ஒவ்வொரு தடவையும் நிறைய காத்து, நிறைய பெட்ரோல், அவ்ளோதான் சூட்சுமம். 426 ஹெமி மட்டும் கொஞ்சம் மூளையும் சேத்து செஞ்சது, எரியிற அறை அரைக்கோள வடிவம், அதனால பெரிய வால்வுகள எதிரெதிரா வைக்கலாம், காத்து நேரா உள்ள வந்து நேரா வெளிய போகும். 1964 டேடோனா 500 ரேஸ்ல முதல் மூணு இடமும் அந்த எஞ்சினுக்குதான், ரிச்சர்ட் பெட்டி ஜெயிச்சார். ரோட்டுக்கு 1966ல வந்துச்சு, 425 ஹெச்பின்னு போட்டாங்க, நெஜத்துல அதுக்கு மேலன்னு எல்லாருக்கும் தெரியும்.

இப்ப அடுத்த பக்கம்.

நண்பர் ஒருத்தர்கிட்ட 60கள் கடைசில வந்த வண்டி ஒண்ணு இருக்கு, எந்த கம்பெனின்னு சொன்னா கோவிச்சுப்பார், விடுங்க. நாலு வீலுக்கும் டிரம் பிரேக். ஒரு ஞாயித்துக்கிழமை சாவிய கையில குடுத்து ஓட்டுடான்னார். ஸ்டியரிங் பவர் ஸ்டியரிங்தான், ஒரு விரல்ல திருப்பலாம், ஆனா டயர் என்ன பண்ணுதுன்னு ஒரு தகவலும் கைக்கு வராது, எண்ணெய்ச் சட்டில கரண்டிய விட்டு சுத்துற மாதிரி. ஹைவேல ஏறி மிதிச்சேன், ஆகா. எக்ஸிட் ராம்ப் வந்துச்சு, பிரேக் போட்டேன், நின்னுச்சு, கொஞ்சம் இடது பக்கம் இழுத்துச்சு. திரும்ப ஏறி திரும்ப மிதிச்சேன், அடுத்த எக்ஸிட்ல பிரேக் போட்டா பெடல் கெட்டியா இருக்கு, கால் வலிக்குது, வண்டி மட்டும் போயிட்டே இருக்கு. டிரம் சூடாகி பிடி விட்டுடுச்சு. சிவப்பு சிக்னல்ல கோட்ட தாண்டி பாதி வண்டி நீட்டிக்கிட்டு நின்னுச்சு. நண்பர் பக்கத்துல உக்காந்து சிரிக்கிறார், "ரெண்டாவது தடவை அப்படித்தான், முன்னாடியே யோசிக்கணும்". அந்த காலத்துல 18 வயசு பசங்க இந்த வண்டிய ஓட்டினாங்கன்னு நினைச்சா இப்பவும் வயித்த கலக்குது. 1964 ஜிடிஓலயும் நாலும் டிரம்தான், டிஸ்க் பிரேக் ஆப்ஷனா வரவே 1967 ஆச்சு. டயர் எல்லாம் இப்ப இருக்கிற ரேடியல் கிடையாது, பின்னாடி பெரும்பாலான வண்டில, லாரிக்கு அடில பட்டை பட்டையா அடுக்கியிருக்குமே, அந்த லீஃப் ஸ்பிரிங்தான். முழு டார்க்கும் வந்தா ஆக்சிலே முறுக்கிக்கிட்டு பின் சக்கரம் தவளை மாதிரி தத்தும்.

ஹெச்பி நம்பர் விஷயத்துக்கு வரேன்னு சொன்னேன்ல. 1971 வரைக்கும் விளம்பரத்துல போட்டது கிராஸ் ஹெச்பி, அதாவது எஞ்சின ஸ்டாண்டுல வச்சு, ஏர் கிளீனர் இல்லாம, ஆல்டர்னேட்டர் இல்லாம, வண்டில வர்ற எக்சாஸ்ட் இல்லாம அளந்தது. 1972ல இருந்து நெட், வண்டில இருக்கிற மாதிரியே எல்லாத்தையும் மாட்டி அளக்குறது. ஷெவர்லேல ஒரே 454 எஞ்சின் 1971ல 365, 1972ல 270. எஞ்சின் ஒண்ணும் அவ்ளோ மாறல, அளவுகோல் மாறிடுச்சு. இன்னொரு பக்கம் இன்சூரன்ஸ்காரன் கண்ணுல மண்ண தூவவும் ரேஸ்ல கீழ் கிளாஸ்ல ஓடவும் வேணும்னே குறைச்சு போட்டதும் உண்டு, கமாரோ இசட்/28க்கு 290ன்னு போட்டாங்க, அத நம்பினவன் யாரும் இல்ல. அதனால பழைய வண்டி 450ஐயும் இன்னைக்கு மஸ்டாங் 480ஐயும் பக்கத்து பக்கத்துல வச்சு ஒப்பிடாதீங்க. பழைய மசில் கார் நல்லா ஓடினா கால் மைல் 13, 14 செகண்ட். 2024 மாடல் வரைக்கும் வந்த டொயோட்டா காம்ரி வி6, ஆமா அதே காம்ரிதான், 14 செகண்டுக்கு கொஞ்சம் மேல ஓடும். டெஸ்லா மாடல் 3 பெர்பார்மன்ஸ் சத்தமே இல்லாம 12க்குள்ள முடிச்சிடும். வேகம்தான் வேணும்னா உங்க ரூம்மேட் சொல்றது நூத்துக்கு நூறு சரி, அதுல வாதாட ஒண்ணும் இல்ல.

அப்ப இந்த வண்டியெல்லாம் ஏன் செத்துச்சு? எல்லாரும் 1973 அக்டோபர் அரபு நாடுகள் போட்ட எண்ணெய்த் தடைன்னு சொல்வாங்க, அது கடைசி ஆணிதான். அதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ்காரங்க கழுத்த பிடிச்சுட்டாங்க, 25 வயசுக்கு கீழ பையன், பெரிய எஞ்சின், சின்ன வண்டின்னா பிரீமியத்த ஏத்தினாங்க, சில பசங்களுக்கு கார் தவணைய விட இன்சூரன்ஸ் ஜாஸ்தி. 1970ல புகை கட்டுப்பாட்டு சட்டம் வந்துச்சு, ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு தயாராகணும்னு 1971 மாடல்லயே ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரெஷன குறைச்சிடுச்சு. 1970ல ஷெவெல் எஸ்எஸ் 454ல எல்எஸ்6 எஞ்சின் 450 ஹெச்பின்னு உச்சில நின்ன கதை, 1974ல வி8ஏ இல்லாத மஸ்டாங் 2ல வந்து நின்னுச்சு. 1975 கார்வெட்ல 5.7 லிட்டர் எஞ்சின் வச்சு 165 ஹெச்பி, அது நெட் கணக்குதான்னாலும் கேக்கவே பாவமா இருக்கும்.

திரும்ப உயிர் வந்தது 2005 மஸ்டாங்ல, பழைய முகத்தோட. 2008 சேலஞ்சர், 2010 மாடல் கமாரோ. அப்புறம் டாட்ஜ்காரன் 2015ல ஹெல்கேட்ட விட்டான், 6.2 லிட்டர், காத்த அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளுற சூப்பர்சார்ஜர், 707 ஹெச்பி, குடும்பஸ்தன் வாங்குற மாதிரி வாரன்ட்டியோட. 2018ல அதே சேலஞ்சர்ல டீமன்னு ஒண்ணு, 840 ஹெச்பி, 2023ல டீமன் 170 எத்தனால் கலந்த பெட்ரோல்ல 1,025. நீங்க பாத்து வச்சிருக்கிற 2019ல 717.

புது வண்டில பழைய குறை எல்லாம் இருக்கான்னா, வண்டிக்கு வண்டி வித்தியாசம். "நேரா மட்டும் போகும்"ங்கிறது கமாரோவுக்கு சுத்தப் பொய், 2016ல வந்த ஆறாவது தலைமுறை காடிலாக் சின்ன செடானோட அடித்தளத்துல செஞ்சது, அதுல இசட்எல்1 1எல்இ ஜெர்மனி நூர்பர்க்ரிங் டிராக்க 7 நிமிஷம் 16 செகண்ட்ல சுத்துச்சு. ஆனா உள்ள உக்காந்தா பங்கர்ல உக்காந்த மாதிரி, ஜன்னல் எல்லாம் ஒரு கீத்து, லேன் மாறணும்னா குலசாமிய கும்பிட்டுக்கிட்டுதான் மாறணும். மஸ்டாங் 2015ல இருந்து எல்லா மாடல்லயும் பின் சக்கரத்துக்கு தனித்தனி சஸ்பென்ஷன், நல்லாவே திரும்பும். சேலஞ்சர்தான் பழைய ஃபார்முலாவுக்கு ரொம்ப பக்கம், ஹெல்கேட் எடை 2,000 கிலோவுக்கு மேல, அடிப்படை உடம்பு 2008ல வந்ததே 2023 கடைசி வரைக்கும் ஓடுச்சு. வளைவுல போனா படகு மாதிரி இருக்கும், ஆனா தூரப் பயணத்துக்கு அதுதான் சுகம், பின் சீட்ல ஆள் உக்காரலாம், டிக்கில நாலு பெட்டி போகும். வாழ்றதுக்கு மூணுல சௌகரியமானது அதுதான், யாரும் இத சொல்ல மாட்டாங்க.

இனி காசுக் கணக்கு. ஹெல்கேட் ஆட்டோமேட்டிக் சிட்டில கேலனுக்கு 13 மைல், ஹைவேல 22, அரசாங்க கணக்கே இது, நம்ம ஊர் கணக்குல லிட்டருக்கு அஞ்சரையும் ஒன்பது சொச்சமும். அதுவும் பிரீமியம் பெட்ரோல். இது கூட பரவாயில்ல தம்பி, டயர்தான் ஆள காலி பண்ணும். என் மஸ்டாங்ல பின் டயர் 14,000 மைல் வந்துச்சு, நான் ஒண்ணும் பெருசா சேட்டை பண்றவன் கிடையாது. உங்களுக்கு 717 ஹெச்பி, கால் எவ்ளோ சாதுவா இருந்தாலும் அதைவிட கம்மிதான் வரும்.

ஓஹையோ குளிர்ங்கிறதால இத கொஞ்சம் விரிவா சொல்றேன். இந்த வண்டிங்கள்ல நிறைய சம்மர் டயரோட வரும். ஏழு டிகிரி செல்சியஸுக்கு கீழ போனா அந்த ரப்பர் விறைச்சு பிளாஸ்டிக் மாதிரி ஆயிடும். ஒரு நவம்பர் காலைல, பனி எதுவும் இல்ல, ரோடு காஞ்சுதான் இருக்கு, தெருவுல இருந்து மெயின் ரோட்டுக்கு இடது பக்கம் திரும்பறேன், எதிர்ல வண்டி வருதேன்னு கொஞ்சம் அழுத்திட்டேன், அவ்ளோதான், பின்பக்கம் முன்பக்கத்த முந்திக்கிட்டு வந்துடுச்சு. டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு படபடன்னு அடிக்குது, கம்ப்யூட்டர் ஒவ்வொரு வீலா பிரேக் போட்டு எப்படியோ நேராக்கிடுச்சு, பிளாட்பாரத்துக்கும் எனக்கும் ஒரு சாண் இருந்திருக்கும். தப்பு முழுக்க என் மேலதான், டயர மாத்தாம ரெண்டு வாரம் சோம்பலா இருந்தேன். வண்டி 460 ஹெச்பிதான். உங்களுது அதுக்கும் மேல 250.

இத பயமுறுத்த சொல்லல. அமெரிக்காவுல இன்சூரன்ஸ் துறையோட ரோட்டுப் பாதுகாப்பு அமைப்பு ஐஐஹெச்எஸ், அவங்க 2020 மாடல் வண்டிங்கள்ல ஓட்டுனர் சாவு விகிதம் ரொம்ப அதிகமா இருக்கிற 21 வண்டிய லிஸ்ட் போட்டதுல 6 வண்டி கமாரோ, சேலஞ்சர், சார்ஜர், மஸ்டாங் வகையறாதான். வண்டியோட கட்டுமானத்த விட அத ஓட்டுற விதம்தான் காரணம்னு அவங்களே சொல்றாங்க. திருட்டு இன்னும் மோசம், அதே குழுவோட ஹைவே லாஸ் டேட்டா இன்ஸ்டிட்யூட் கணக்குல 2020 முதல் 2022 வரைக்குமான சார்ஜர் ஹெல்கேட்டுக்கு வந்த திருட்டு கிளெய்ம் சராசரி வண்டிய விட 60 மடங்கு. சதவீதம் இல்ல, மடங்கு. சேலஞ்சர் அதோட கூடப் பொறந்தது. இந்த ரெண்டு விஷயமும் சேந்து உங்க பிரீமியத்துல வந்து விழும். என்கூட வேலை பாத்த பையன் ஒருத்தன், வயசு 24, வண்டிய கையெழுத்து போட்டு வாங்கிட்டு அப்புறம் இன்சூரன்ஸ் கோட், அதாவது பிரீமியம் எவ்ளோ ஆகும்னு கேட்டான், வந்த தொகைய பாத்துட்டு ரெண்டு நாள் சரியா சாப்பிடல. ஆறு மாசத்துல நஷ்டத்துக்கு வித்தான்.

"அப்ப பழசு ஒண்ணு வாங்கிடலாமா, அது முதலீடு"ன்னு சில பேர் சொல்வாங்க. நடுவுல சின்னதா ஒரு எச்சரிக்கை. 1971 ஹெமி குடா கன்வெர்டிபிள் ஒண்ணு 2014 ஏலத்துல 35 லட்சம் டாலருக்கு போச்சு, அது உண்மை, ஆனா அந்த வருஷம் அந்த மாதிரி வண்டி செஞ்சதே ஒரு டஜன் சுமார்தான், புதுசுல அத வாங்க ஆள் இல்ல. இந்த விலைய பாத்துட்டு சாதாரண வண்டிய ஒசத்தி வண்டியா மாத்தி விக்கிறவங்க நிறைய. பிளிமத், டாட்ஜ்னா விஐஎன் நம்பர்ல, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் ஃபேக்டரில குடுக்கிற அடையாள நம்பர்ல, அஞ்சாவது எழுத்த பாக்கணும், 1970, 71 மாடல்ல அது ஆர்னா 426 ஹெமி. பான்டியாக் 1966ல இருந்து 1971 வரைக்கும்னா 242ன்னு ஆரம்பிச்சாதான் ஜிடிஓ. ஷெவெல் 1970ல விஐஎன் பாத்து எஸ்எஸ்னு கண்டுபிடிக்க முடியாது, வண்டில என்னென்ன போட்டு செஞ்சாங்கன்னு எழுதின ஃபேக்டரி பில்ட் ஷீட் வேணும். மேல வினைல் ரூஃப் போட்ட வண்டின்னா ஓரத்த விரலால அமுக்கி பாருங்க, அதுக்கு அடில தண்ணி தங்கி தகரம் அப்பளமா நொறுங்கும். மிச்சிகன், ஓஹையோ பக்கம் ரோட்டுல உப்பு கொட்டுற ஊர்ங்கிறதால தரைத் தகடு, டிக்கி அடி எல்லாம் லிப்ட்ல ஏத்தி பாக்காம ஒரு டாலர் கூட குடுக்காதீங்க.

ஊர்ல இருந்தும் ஒருத்தர் தனியா கேட்டிருந்தார், அங்க கொண்டு போய் ஓட்டலாமான்னு. போர்டு 2016ல மஸ்டாங்க இந்தியாவுக்கு கொண்டு வந்தாங்க, மறைமலை நகர்ல செஞ்சது இல்ல, மிச்சிகன் ஃபிளாட் ராக்ல செஞ்சு கப்பல்ல வந்தது, 65 லட்சம் சுமார். வலது பக்க ஸ்டியரிங்கோட ஃபேக்டரில இருந்தே வந்த முதல் தலைமுறை மஸ்டாங் அது. நம்ம ஸ்பீட் பிரேக்கர், நம்ம டிராபிக், ஒரு லிட்டர் பெட்ரோல் விலை, நீங்களே யோசிச்சுக்கோங்க.

சரி, தம்பிக்கு பதில். வாங்கலாம், ஆனா அந்த ஹெல்கேட் வேண்டாம், இப்ப வேண்டாம். நீங்க ஆசைப்படுறது அந்த உறுமலும் முதுகு ஒட்டுறதும்தான்னா அதுக்கு 717 தேவையே இல்ல. அதே சேலஞ்சர்ல ஸ்கேட் பேக்னு இருக்கு, 392 எஞ்சின், 6.4 லிட்டர், 485 ஹெச்பி, சூப்பர்சார்ஜர் கிடையாது. என்னைக் கேட்டா சத்தம் அதுலதான் நல்லா இருக்கும், சூப்பர்சார்ஜர் விசில் குறுக்க வராது. இல்லன்னா மஸ்டாங் ஜிடி. ஹெமில ஒண்ணு மட்டும் கவனிங்க, குளிர்ல ஸ்டார்ட் பண்ணி பானெட்ட திறந்து காது குடுங்க, டிக் டிக்குன்னு சத்தம் வந்து எஞ்சின் சூடானதும் நின்னா பெரும்பாலும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைஞ்சிருக்கும், சமாளிக்கலாம். சூடான பிறகும் நிக்கலன்னா வால்வ தள்ளி விடுற லிஃப்டர் போயிருக்கலாம், கேம் ஷாப்ட் வரைக்கும் போயிருக்கலாம், அந்த வண்டிய விட்டுட்டு வாங்க. விக்கிறவர் நீங்க வர்றதுக்கு முன்னாடியே எஞ்சின சூடு பண்ணி வச்சிருந்தா அதுவே ஒரு பதில்தான்.

எந்த வண்டின்னாலும் விஐஎன் நம்பர வாங்கி முதல்ல இன்சூரன்ஸ் கோட் எடுங்க, அப்புறம்தான் டெஸ்ட் டிரைவ், ஏன்னா ஓட்டிட்டா உங்க மூளை வேலை செய்யாது, எனக்கும் செய்யல. ஒரு செட் விண்டர் டயர், தனி ரிம்மோட, வண்டி விலையிலயே சேத்து கணக்கு போடுங்க. கராஜ் இல்லாத அபார்ட்மென்ட்ல இருந்தா இந்தப் பேச்சே வேண்டாம், காலைல வண்டி நிறுத்தின இடத்துல எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும்.

இவ்ளோ சொல்லியும் ஹெல்கேட்தான் வாங்குவேன்னா, நானும் 26 வயசு தாண்டி வந்தவன்தான், புரியுது. விக்கிறவர்கிட்ட ரெண்டு சாவியும் இருக்கான்னு கேளுங்க. சிவப்பு சாவி போட்டா முழு பவர், கருப்பு சாவி போட்டா 500 ஹெச்பிலயே நின்னுடும். கருப்ப உங்க கீசெயின்ல மாட்டிக்கிட்டு சிவப்ப பீரோல வச்சு பூட்டுங்க, ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டி முடிச்சிட்டு ஏப்ரல்ல எடுங்க.